உண்மையா, உருட்டா? டெல்டா வரலாற்றுத் துணுக்குகளைச் சோதிப்பது எப்படி

காவிரிப் படுகையில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்த வருஷங்கள் உண்டு. வரலாற்றுத் துணுக்குக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. டீக்கடையில் ஒன்று, திருவிழா மைக்கில் ஒன்று, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வது ஒன்று, விடிந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒன்பது. இவற்றில் எதை நம்பலாம், எதை அடுத்தவருக்குச் சொல்லலாம் என்று பிரிக்கும் வேலை புதிதாக உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். பள்ளி ஆண்டு விழாவுக்கு வினாடி வினா தயாரிக்கச் சொல்லி மாட்டிக்கொண்ட ஆசிரியராக இருக்கலாம். நூலக வாசகர் வட்டத்தின் பலகையில் தினம் ஒரு தகவல் எழுத ஒப்புக்கொண்ட மாணவராக இருக்கலாம். வெளியூர்க்காரர்களுக்குக் கோயில் சுற்றிக் காட்டத் தொடங்கியவராகவும் இருக்கலாம். உங்களுக்காகத்தான் இது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். முழுப் பொய்யாக வரும் துணுக்கு குறைவு. நிஜமான ஒரு செய்தியின் மேல் யாரோ இரண்டு வரி சேர்த்திருப்பார்கள், அடுத்தவர் ஒரு எண்ணைச் சேர்த்திருப்பார், மூன்றாமவர் நாசாவைச் சேர்த்திருப்பார். ஆகவே ஒரு துணுக்கை அப்படியே விழுங்கவும் வேண்டாம், அப்படியே துப்பவும் வேண்டாம். பிரித்துப் பார்க்க வேண்டும்.

படி 1: துணுக்கைத் துண்டு துண்டாக உடையுங்கள்

இதுதான் முக்கியமான படி. இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு நோட்டை எடுத்து, துணுக்கில் எத்தனை தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன என்று வரிசையாக எழுதுங்கள்.

நம் பக்கம் அதிகம் சுற்றுவதையே எடுத்துக்கொள்வோம்: “இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கரிகால் சோழன் கட்டிய கல்லணைதான் உலகின் முதல் அணை. காவிரியை நான்காகப் பிரிக்கும்படி அன்றே கட்டினான். இன்றும் அப்படியே நிற்கிறது. வெள்ளைக்காரன் கட்டிய முக்கொம்பு அணை உடைந்தது, கல்லணை அசையவில்லை.” ஒரே மூச்சில் படித்தால் ஒரே செய்திபோலத் தெரியும். உடைத்தால் ஐந்து.

கரிகாலன் கட்டினான் என்பது முதல் துண்டு. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை “காடு கொன்று நாடாக்கி, குளம் தொட்டு வளம் பெருக்கி” என்கிறது. காட்டை அழித்து நாடாக்கினான், குளம் வெட்டினான். அணை பற்றி அதில் பேச்சில்லை. சில நூற்றாண்டுகள் கழித்து, ஆந்திரப் பகுதியில் ஆண்ட ரேநாட்டுச் சோழரின் மாலேபாடு செப்பேடு, காவிரி கரை மீறிப் பாய்வதைத் தடுத்தவன் என்று கரிகாலனைப் போற்றுகிறது. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் காவிரிக்குக் கரை கண்டவன் என்கிறது. ஆக, கரிகாலனையும் காவிரிக் கரையையும் சேர்த்துச் சொல்லும் மரபு மிகப் பழையது, ஆதாரமும் உள்ளது. இந்த அணையை இந்த இடத்தில் இவன் கட்டினான் என்று அவன் காலத்திலேயே வெட்டிய கல்வெட்டு கிடையாது. நோட்டில் “பழைய மரபு” என்று எழுதுங்கள். பொய் என்று எழுதிவிடாதீர்கள்.

உலகின் முதல் அணை என்பது இரண்டாவது துண்டு. இது தவறு. எகிப்தில் கெய்ரோவுக்கு அருகே நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஓர் அணையின் இடிபாடு இருக்கிறது. “இன்னும் பயன்பாட்டில் உள்ள மிகப் பழைய நீர்க்கட்டுமானங்களில் ஒன்று” என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள், கல்லணையின் பெருமையும் ஒரு கல் குறையாது.

அடுத்தது, நான்காகப் பிரிப்பது. இன்று போய்ப் பார்த்தால் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நான்கும் இருக்கின்றன. ஆனால் அந்த நான்காவதை நம் ஊரில் என்னவென்று கூப்பிடுகிறோம்? புது ஆறு. மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1930களில் வெட்டிய கால்வாய் அது. மேட்டூர் அணை திறந்ததே 1934இல். கரிகாலன் அதற்கும் சேர்த்துத் திட்டம் போட்டான் என்றால் புது ஆற்றுக்கே சிரிப்பு வரும்.

அப்படியே நிற்கிறது என்பது நான்காவது. 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கே மணற்போக்கி மதகுகள் அமைத்தார். பிறகும் பல தடவை வேலை நடந்திருக்கிறது. நாம் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கும் பாலமும் ஷட்டர்களும் ஆங்கிலேயர் காலத்தவை. பழைய கல் கட்டுமானம் அவற்றுக்கு அடியில் இருக்கிறது.

கடைசியாக, முக்கொம்பு. இது உண்மை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் தண்ணீரோடு போயின. அந்த அணையை 1836இல் கட்டியதும் காட்டன்தான். ஆனால் “ஆகவே வெள்ளைக்காரன் வேலை மட்டம்” என்ற முடிவு செய்தியோடு ஒட்டவில்லை. 182 வருஷம் நின்ற அணை அது. அசையாமல் நின்ற கல்லணையிலும் அதே காட்டனின் மதகு இருக்கிறதே!

ஐந்து துண்டில் ஒன்று உண்மை, ஒன்று மரபு, ஒன்று பொய், ஒன்று காலக் குழப்பம், ஒன்று பாதி. இப்படிப் பிரித்த பிறகு “கல்லணைத் துணுக்கு உண்மையா?” என்று யாராவது கேட்டால், “எந்தத் துண்டு?” என்று திருப்பிக் கேட்க முடியும்.

படி 2: தேதியை மோந்து பாருங்கள்

சோழர் கல்வெட்டுகளில் ஆங்கில வருஷம் இருக்காது. அரசனின் ஆட்சியாண்டுதான் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் செப்புக் கலசம் கொடுத்தது தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் என்று கல்வெட்டு சொல்கிறது. ராஜராஜன் பட்டமேறியது 985 என்பதால் அதை 1010 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதனால்தான் 2010இல் ஆயிரமாவது ஆண்டு விழா. இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், “1010 ஜனவரி இத்தனாம் தேதி என்று ராஜராஜனே கல்லில் பொறித்தான்” என்று வரும் துணுக்கை இரண்டாவது வரியிலேயே பிடித்துவிடலாம்.

தேதியை வைத்துச் செய்யும் இன்னொரு சோதனை, ஆட்கள் சந்தித்திருக்க முடியுமா என்று பார்ப்பது. சாம்பார் கதை எல்லோருக்கும் தெரியும். தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜியின் அரண்மனைக்கு, சிவாஜியின் மகன் சம்பாஜி விருந்துக்கு வந்தாராம். பருப்புக் குழம்புக்குப் புளிப்பு இல்லாமல் போக, கோகம் புளிக்குப் பதில் நம்மூர்ப் புளியைப் போட்டார்களாம். சம்பாஜி பெயரால் அது சாம்பார் ஆயிற்றாம். சரி, கணக்குப் போடுவோம். சாகுஜி பட்டமேறியது 1684. ஔரங்கசீப் சம்பாஜியைப் பிடித்துக் கொன்றது 1689. இடையில் ஐந்தே ஆண்டுகள், அந்த ஆண்டுகளில் சம்பாஜிக்கு முகலாயரோடு ஓயாத சண்டை. இருவரும் உறவு முறைதான், சாகுஜிக்குப் பெரியப்பா மகன். வந்திருக்கவே முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தார், சாப்பிட்டார், பெயர் வைத்தார்கள் என்பதற்கு எந்தச் சுவடி, எந்தக் கடிதம் என்று கேட்டால் துணுக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. நடந்திருக்கலாம் என்பதை நடந்தது என்று எழுதக் கூடாது. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது, ஏனென்றால் கதை ருசியாக இருக்கிறது.

படி 3: எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்

“கல்வெட்டில் இருக்கிறது” என்பது ஆதாரம் ஆகாது. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தொகுதி, எந்த எண் என்று சொன்னால்தான் ஆதாரம்.

இதற்குப் பயிற்சியாக ஒன்றைத் தேடிப் பாருங்கள். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கல்வெட்டு ஆண்டறிக்கையில் அதன் எண் 577/1920. அதாவது 1920ஆம் ஆண்டில் படியெடுத்தவற்றில் 577ஆவது. கொலைக்காகத் துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் அதில் வருகின்றன, அவர்களோடும் உறவினரோடும் சேர்ந்த நிலங்கள் பறிமுதலானதும் வருகிறது. கொல்லச் சொன்னது யார் என்று அதில் இல்லை. உத்தம சோழன், குந்தவை, ராஜராஜன் என்று ஆளாளுக்கு ஒருவர் பெயரைச் சொல்லி “கல்வெட்டு ஆதாரம்” என்று வரும் காணொளிகள் எல்லாம் இந்த ஒரு கல்வெட்டின் மேல்தான் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

இந்தச் சமயத்தில் கல்கியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவல். படமும் வந்த பிறகு, நம் பக்கத்துக் கோயில்களில் நந்தினி எந்த மண்டபத்தில் நின்றாள் என்று கேட்கிறார்கள். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் ஆசிரியர் படைத்த பாத்திரங்கள். வந்தியத்தேவன் அப்படியில்லை. பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்றே குறித்திருக்கிறார்கள். அவர் குதிரையில் வீராணம் ஏரிக்கரையில் வந்ததுதான் கல்கியின் கற்பனை. ஒரே நாவலில் இரண்டும் கலந்திருப்பதால், பாத்திரம் பாத்திரமாகச் சரிபார்க்க வேண்டும்.

எங்கே தேடுவது? பெரிய கோயில் கல்வெட்டுகளுக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி. 1886இல் அரசின் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஜெர்மானியர் ஹூல்ஷ் படித்துப் பதிப்பித்தது. அதற்கு முன்னால் இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதிலேயே குழப்பம். தலபுராணம் கரிகாலன் கட்டியதாகச் சொன்னது. காடுவெட்டிச் சோழன் என்று ஜி.யு. போப் எழுதினார். ராஜராஜன் பெயர் சுவரெல்லாம் இருந்தும், எழுத்தைப் படிக்க ஆளில்லாததால் ஊர் மறந்திருந்தது. “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லிலே வெட்டுக என்று அரசன் சொன்னது இத்தனை நூற்றாண்டு கழித்துத்தான் மறுபடி வாசிக்கக் கிடைத்தது. தலபுராணம், பெரியவர்கள் சொன்னது, ஊர்வழக்கு எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் கட்டியவன் யார் என்ற கேள்வியில் கல்வெட்டோடு அவை மோதினால் கல்வெட்டுக்கே முதலிடம்.

தொகுதிகளின் வருடிய படிகள் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தமிழ் நூல்கள் ஏராளம். புதிதாகக் கண்டெடுக்கும் கல்வெட்டுகளுக்குத் தஞ்சையிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் வெளியிடும் ‘ஆவணம்’ இதழைப் பாருங்கள். பழைய தஞ்சாவூர் மாவட்டத்தைப் பற்றி 1906இல் வெளியான ஹெமிங்வேயின் கெசட்டியரும் உதவும். ஆனால் அவர் கேட்டெழுதிய கதைகளும் அதில் கலந்திருக்கும், கவனம். தஞ்சையிலேயே இருந்தால் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகாலும் பஸ் தூரம்தான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்கலாமா என்றால், தேடத் தொடங்குவதற்குக் கேளுங்கள். சொன்ன கல்வெட்டு எண்ணைத் தொகுதியில் பார்க்காமல் எழுதாதீர்கள். இல்லாத எண்ணை இருக்கிறமாதிரியே சொல்லும், அதுவும் மரியாதையாக.

படி 4: போய்ப் பார்க்க முடிந்ததைப் போய்ப் பாருங்கள்

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது நம் மாவட்டத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. பாடம் எடுப்பவர்களே சொல்கிறார்கள். இதற்கு நூல் வேண்டாம், காலை எட்டு மணிக்குக் கோயிலுக்குப் போனால் போதும். நிழல் மேற்கே நீளமாகக் கிடக்கும். அதில் நின்று மக்கள் செருப்பில்லாத காலை ஆற்றிக்கொள்வதையும் பார்க்கலாம்.

ஆனால் இந்தப் பேச்சு ஏன் வந்தது என்று பார்த்தால் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. விமானம் சுமார் 216 அடி உயரம். அடிப்பகுதி பக்கத்துக்குச் சுமார் நூறு அடி. தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10.8 பாகையில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நடுப்பகலில் உச்சியின் நிழல் அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். மேலே குறுகிக்கொண்டே போகும் எந்தக் கட்டடத்துக்கும் இந்த ஊரில் இதுதான் நடக்கும். டிசம்பர் கடைசியில் போனால் நடுப்பகலிலேயே உச்சியின் நிழல் மையத்திலிருந்து வடக்கே 150 அடி தள்ளி விழும். சுற்றுலா வருகிறவர்கள் கோடை விடுமுறையில், மதியம் வந்து அண்ணாந்து பார்த்திருப்பார்கள். கதை அப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் ஊகம்.

நந்திக்கும் இதே வைத்தியம். வளர்ந்துகொண்டே போன நந்தியின் தலையில் ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்பார்கள். அதைவிட முக்கியமான விஷயம், இன்று நாம் பார்க்கும் பெரிய நந்தி ராஜராஜன் காலத்தது இல்லை, நாயக்கர் காலத்தது. முருகன் சன்னதியும் நாயக்கர் காலம். அம்மன் சன்னதி பாண்டியர் காலம். “பெரிய கோயிலில் உள்ளதெல்லாம் ராஜராஜன் கட்டியது” என்று நினைத்துக்கொண்டு துணுக்கு எழுதினால் மூன்று இடத்தில் மாட்டுவீர்கள். விமானத்தின் வடபுறம் தொப்பி வைத்த ஐரோப்பியர் முகம் ஒன்று இருக்கிறது, அதைக் காட்டி “வெள்ளைக்காரன் வருவான் என்று ராஜராஜனுக்கு முன்பே தெரியும்” என்பார்கள். உருவம் இருப்பது உண்மை. நாயக்கர், மராட்டியர் காலத் திருப்பணிகளில் வந்து சேர்ந்தது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ரகுநாத நாயக்கர் 1620இல் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தவர். தஞ்சைக்கு அப்போதே தொப்பிக்காரர்களைத் தெரியும்.

விமானத்தின் உச்சி எண்பது டன் ஒற்றைக் கல் என்கிறார்களே? அதுவும் பல கற்களைச் சேர்த்து அடுக்கியது என்றே அளந்து ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பது ஊர்க்கதை, கல்வெட்டில் இல்லை.

படி 5: நாசா வந்தால் பள்ளிப் பாடத்தைத் திறங்கள்

திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்ற செய்தி எத்தனை வருஷமாகச் சுற்றுகிறது! நாசா அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லாததை நிரூபிப்பது கஷ்டம் என்பதால் வேறு வழியில் வாருங்கள். பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழும். நின்ற இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் இன்னொரு வகை செயற்கைக்கோள் உண்டு, ஆனால் அவை பூமத்திய ரேகைக்கு மேலேதான் நிற்க முடியும், திருநள்ளாற்றுக்கு மேலே முடியாது. சனீஸ்வரர் சன்னதிக்கு வரும் கூட்டத்துக்கு இந்த விளம்பரம் தேவையும் இல்லை.

கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் சிதம்பரம். நடராஜரின் கால் பெருவிரல் பூமியின் காந்தப்புல மையம் என்பது தவறு. காந்த நடுக்கோடு அங்கிருந்து வெகுதூரம் தெற்கே போகிறது. அந்தக் கோட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதால்தான் 1963இல் திருவனந்தபுரம் பக்கம் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டார்கள். சிதம்பரம், காஞ்சிபுரம், காளத்தி மூன்றும் ஒரே தீர்க்கரேகையில், சுமார் 79.7 பாகையில் இருக்கின்றன என்பது சரி. ஆனால் ஐந்து பூதத் தலங்களும் ஒரே கோட்டில் என்று நீட்டினால் திருவண்ணாமலையும் திருவானைக்காவும் கோட்டை விட்டு மேற்கே தள்ளிப் போய்விடும்.

பூம்புகாருக்கு மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். கடலடி ஆய்வு நடந்தது உண்மை. 1990களில் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஒன்றைப் பார்த்ததும் உண்மை. அந்த ஆழம் கடலுக்குள் போனது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் என்பதால் நகரமும் அத்தனை பழசு என்று சொல்கிறார்கள். கடல்மட்டக் கணக்கு அந்தத் தரை எப்போது மூழ்கியது என்றுதான் காட்டும். அந்த வடிவம் மனிதன் கட்டியதா, இயற்கையா என்று காட்டாது. கரையில் கீழையூரில் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை கிறிஸ்துவுக்கு முன் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. கையில் பிடிக்கக் கிடைத்த வயது அது.

படி 6: ‘முதல்’ என்ற வார்த்தையின் கீழே கோடு போடுங்கள்

முதல், ஒரே, மிகப்பெரிய. இவற்றில் ஒன்று வந்தால் உடனே “எதில் முதல்?” என்று கேட்க வேண்டும். தமிழின் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில் வந்தது என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்வோம். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்தார், 1712இல் அச்சகம் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது. எல்லாம் சரி. ஆனால் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது 1578இல். அதற்கும் முன்னால், 1554இல், ரோமன் எழுத்தில் தமிழை லிஸ்பனில் அச்சடித்துவிட்டார்கள். தரங்கம்பாடிக்குப் பொருத்தமான ‘முதல்’, தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் முதலில் அச்சான ஊர் என்பது.

படி 7: பொய் மாதிரி இருப்பதையும் சோதியுங்கள்

சந்தேகப்படக் கற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு வியாதி வரும், எல்லாமே உருட்டு என்று தோன்றும். அதற்கு மருந்தாகச் சில.

நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடப் பட்டுக்கோட்டைப் பக்கம் கடற்கரையில் ஒரு கோபுரம் இருக்கிறது. உண்மை. சரபேந்திரராஜன்பட்டினத்தில் இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்கு மனோரா. இங்கேயும் உடைத்துப் பார்க்கும் பழக்கம் கைகொடுக்கும். வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூனில். அங்கே பதித்த கல்வெட்டில் உள்ள ஆண்டு 1814. நெப்போலியன் முதல் தடவை முடி துறந்தது அந்த வருஷம் ஏப்ரலில். கல் சொல்லும் வீழ்ச்சி அதுதான்.

அதே சரபோஜி தஞ்சையில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடத்தி, ஒவ்வொருவர் கண்ணையும் படமாக வரைந்து குறிப்பு வைத்தார் என்பதும் உண்மை. சுவடிகள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. சிவபக்தரான ராஜராஜன், ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தார், அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் வரை போனது. உண்மை. 1954இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. உண்மை. சுவிட்சர்லாந்தின் செர்ன் அணு ஆய்வு மையத்தில் நடராஜர் சிலை நிற்கிறது, இந்திய அரசு 2004இல் கொடுத்தது. உண்மை. தில்லைக்காரர்கள் இதைச் சொல்லிவிட்டுக் காந்தப்புலத்தை விட்டுவிடலாம்.

படி 8: நோட்டில் நான்கு பெட்டி

ஆதாரம் உள்ளது, பழைய மரபு, இன்னும் முடிவாகாதது, பொய். ஒவ்வொரு துண்டும் இதில் ஒன்றில் விழும். மனுநீதிச் சோழன் கதை மரபுப் பெட்டி. திருவாரூரில் கல்தேர் இருக்கிறது, சிலப்பதிகாரம் சொல்கிறது, சோழர் கால அரசவைக்கே அந்தக் கதை தெரிந்திருந்தது. இலங்கையின் மகாவம்சம் இதே கன்றுக்குட்டியையும் இதே தேர்க்காலையும் எல்லாளன் கதையாக அனுராதபுரத்தில் சொல்கிறது. பழைய கதை என்பதற்கு இவ்வளவு ஆதாரம் இருக்கிறது. நடந்தது என்பதற்கு இவை ஆதாரமாகாது. கும்பகோணம் பக்கம் உடையாளூரில் ராஜராஜன் பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், இருக்கிறது என்பதை முடிவாகாத பெட்டியில் போடுங்கள். அங்கே கிடைத்த கல்வெட்டு, ராஜராஜனின் பட்டப்பெயரான சிவபாதசேகரன் பெயரில் ஒரு திருமாளிகையைப் புதுப்பித்ததைச் சொல்கிறது, சமாதி என்று சொல்லவில்லை.

வீட்டுக் குழுவில் எப்படிச் சொல்வது

பெரியவர்கள் அனுப்பியதற்கு எல்லார் முன்னாலும் “இது பொய்” என்று போட்டால், அடுத்த பொங்கல் வரை பேச்சுவார்த்தை இருக்காது. சரியான துண்டைப் பாராட்டிவிட்டு, தவறான துண்டுக்குப் பதில் உண்மையான ஒன்றைக் கொடுங்கள். “சித்தப்பா, முக்கொம்பு உடைஞ்சது சரிதான், ஆனா புது ஆறு 1930கள்ல வெட்டினது, தாத்தாவுக்கே ஞாபகம் இருந்திருக்கும்” என்றால் அவரே அந்தக் கதையை எடுத்துவிடுவார். கூடவே கல்வெட்டின் படமோ தொகுதியின் பக்கமோ இருந்தால் நல்லது. இணைப்பை மட்டும் அனுப்பினால் யாரும் திறப்பதில்லை.

வினாடி வினாவுக்கு எழுதுகிறவர்கள் கேள்வியின் வாசகத்திலேயே பெட்டியைக் காட்டிவிடலாம். “கல்லணையைக் கட்டியவர் யார்?” என்பதற்குப் பதில் “கல்லணையைக் கட்டியவராக மரபு யாரைச் சொல்கிறது?” என்று கேளுங்கள். “மனோரா எந்தப் போரின் நினைவாக?” என்பதை “மனோரா கல்வெட்டில் உள்ள ஆண்டு எது?” என்று மாற்றுங்கள். விடைத்தாளின் ஓரத்தில் தொகுதி, எண், பக்கம் மூன்றையும் பென்சிலால் குறித்து வையுங்கள். முடிவு சொன்னதும் மேடைக்கு முதலில் ஏறி வருகிறவர் அநேகமாக ஓய்வு பெற்ற தமிழாசிரியராக இருப்பார், அவரும் கையில் ஒரு நோட்டோடுதான் வருவார்.